வரதராஜன் என்ற பெயரில் நான் எழுதியது

முரளி,

உன் பெரிய பெட்டியில், ஸ்வெட்டருக்கும் துண்டுக்கும் நடுவே, ஒரு கேரம் ஸ்டிரைக்கர் இருக்கிறது. ஓரத்தில் சிறு மூளி விழுந்த நம் பழைய ஸ்டிரைக்கர். அடுத்த வாரம் கனடாவில் பெட்டியைத் திறக்கும்போது, அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மூடிய உறையில் போட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனால் இரண்டு வருடங்களுக்கு முன் உன்னைப் பலர் முன்னால் தலைகுனிய வைத்தவள் நான். பலர் பார்க்கச் செய்ததை உறைக்குள் வைத்து ஒப்புக்கொண்டால் அது பாதி ஒப்புதல்தான். அதனால் உறையில்லாமல் வெளிப்படையாகவே எழுதுகிறேன், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

முதலில் அந்த ஸ்டிரைக்கர். உனக்கு அப்போது ஒன்பது வயது. மேற்குத் தாம்பரம் வீட்டில் கோடை விடுமுறை மதியம், அப்பாவுக்கு ரயில்வே ஷெட்டில் அன்று ஓய்வு நாள். விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. போரிக் பவுடரைப் பலகை முழுக்க மாவு மாதிரி தூவி வைத்திருந்தாய். நீ ஸ்டிரைக்கரைச் சுண்டாமல் விரலால் தள்ளிக்கொண்டே போவாய். அப்பாவுக்கு அது பொறுக்காது.

"டேய், அது ஃபவுல்டா. சுண்டணும். வண்டி தள்ற மாதிரி தள்ற."

"தள்ளினாதானேப்பா ஜோரா போவும்?"

நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல் கேட்டேன்: "ஒழுங்கா சுண்டிப் பாரு. ஸ்டிரைக்கர் போய் காயைத் தொடற நேரத்துல உன் விரல் எங்க இருக்கு?"

நீ சுண்டிவிட்டு உன் விரலைப் பார்த்தாய். "இங்கதான்."

"அப்ப காயை அடிச்சது யாரு?"

"ஸ்டிரைக்கர்."

"விரல்?"

நீ கொஞ்சம் யோசித்தாய். "விரல் வீட்லயே இருந்துடுச்சு."

அப்பா சிரித்த சிரிப்பில் சிவப்புக் காய் நகர்ந்துவிட்டது. அதன்பிறகு பல வருடங்கள் நம் வீட்டில் அது வழக்குச்சொல் ஆனது. யாராவது வேலை செய்யாமல் பேர் வாங்கினால், "விரல் வீட்லயே இருந்துடுச்சு" என்போம். எனக்கு மட்டும் அது வேடிக்கை இல்லை. மோதும் கணத்தில் பின்னால் இருப்பவனுக்கு வேலை இல்லை என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது, புரியவைத்தவள் நான். அன்றிலிருந்து உன் சந்தேகங்கள் எல்லாம் என்னுடையவை என்று நினைத்துக்கொண்டேன். குரோம்பேட்டைப் பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தினேன். அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். நீ கேட்டால் மட்டும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்காரும்.

பொறியியல் முடித்து நீ சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் அந்த வார்ப்புத் தொழிற்சாலையில் சேர்ந்தாய். வெளிநாட்டுக்கு அனுப்பும் கோல்ஃப் மட்டைகளின் தலைப்பகுதியை எஃகில் வார்க்கும் இடம். நம் குடும்பத்தில் ஒருவரும் கோல்ஃபைக் கண்ணால் பார்த்ததில்லை. வார்ப்பில் குழி விழுந்ததால் தள்ளிவைத்த ஒரு மட்டைத்தலையை நீ ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னடா இது, சப்பாத்தி திருப்பறதா?"

"கோல்ஃப் மட்டைப்பா. இதால பந்தை இருநூறு கெஜம் அடிப்பாங்க."

"அடிச்சுட்டு?"

"போய் எடுத்து மறுபடி அடிப்பாங்க."

"அப்ப எதுக்கு அவ்ளோ தூரம் அடிக்கணும்?" என்று சொல்லிவிட்டு, வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அந்த மட்டைத்தலையை முட்டாகக் கொடுத்தார். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது.

தொழிற்சாலையில் இணைய வசதி வந்ததும், கோல்ஃப் ஆடுகிறவர்கள் சண்டை போடும் ஒரு விவாதக் குழுவை நீ கண்டுபிடித்தாய். ஓரத்தில் துளை போட்ட நீளக் காகிதத்தில் அச்செடுத்து, சாயங்கால மின்வண்டியில் படித்துக்கொண்டே வருவாய். அங்கே ஓயாத வாதம் ஒன்றுதான். மட்டை பந்தில் மோதும் கணத்தில், பிடித்திருக்கும் கைக்கும் உடம்பின் எடைக்கும் ஏதாவது பங்கு உண்டா? ஆடுகிறவர்கள் எல்லோரும் உண்டு என்றார்கள். இறுக்கிப் பிடித்து உடம்பைப் பின்னால் கொடுத்தால் பந்து கூடுதல் தூரம் போகிறது, இது எங்கள் கைக்குத் தெரியும் என்றார்கள். ஒரே ஒருவர் மட்டும் இல்லை என்றார். எலினோர் என்று கையெழுத்திடுகிற, கனடாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் பேராசிரியை. பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். மோதிய சேதி தண்டு வழியாகக் கைக்குப் போய், கையின் பதில் திரும்பி வருவதற்குள் பந்து கிளம்பிவிடும். அந்தக் கணத்துக்கு மட்டைத்தலை யாரும் பிடிக்காத தனிப்பொருள். இதுதான் அவர் வாதம்.

நீ அவர் பக்கம் சேர்ந்தாய். எங்கள் ஊரில் கேரம் என்று ஒரு விளையாட்டு உண்டு என்று தொடங்கி, ஸ்டிரைக்கரையும் காயையும் விளக்கி, "காய் நகரும்போது விரல் வீட்டிலேயே இருக்கிறது" என்று முடித்திருந்தாய். அதற்கு அந்த அம்மாள் எழுதிய பதிலை அச்செடுத்துக்கொண்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் எனக்குப் படித்துக் காட்டினாய். இந்த விஷயத்தை இவ்வளவு தெளிவாக ஒரே வாக்கியத்தில் சொல்லி நான் பார்த்ததில்லை, இனி என் வகுப்பில் இதைத்தான் சொல்லப்போகிறேன், அனுமதி தருவீர்களா என்று கேட்டிருந்தார்.

"எவ்ளோ பெரியவங்க, என்கிட்ட பர்மிஷன் கேக்கறாங்கம்மா."

"ம். கையைக் கழுவிட்டு வா, தோசை ஆறுது" என்றேன்.

என் முகத்தை நீ பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம். உள்ளே ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது என் வாக்கியம். என் வீட்டுப் பலகையில், நான் கேட்ட கேள்வியில் பிறந்தது. நீ அதில் என் பெயரைப் போடவில்லை. அம்மா சொல்லிக்கொடுத்தது என்று இரண்டு சொல் எழுத உனக்குத் தோன்றவில்லை.

பிறகு அந்தக் காகிதங்களை உனக்குத் தெரியாமல் படிக்க ஆரம்பித்தேன். எலினோருக்கும் என் வயதுதான். ஒரு பதிலில் தன் ஆராய்ச்சிக் காலத்தைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருந்தார். இரண்டு கைக்குழந்தைகளோடு முடித்தாராம். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நானும் கிண்டியில் இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்தவள். எஃகுக் கம்பியில் ஒலி ஓடும் வேகத்தை அளப்பது என் வேலை. அதை ஏன் விட்டேன் என்பதற்கு வீட்டில் ஒரு கதை உண்டு. நீ வயிற்றில் வந்ததால் விட்டேன் என்பது அது. நான் அப்படி யாரிடமும் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னபோது மறுத்ததுமில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு அரைப் பரீட்சையில் நீ கணக்கில் சறுக்கியபோது, "உனக்காக எதை விட்டேன்னு தெரியுமா" என்று உன்னிடம் கேட்டேன். நீ மொட்டைமாடிக்குப் போய்விட்டாய். உண்மை இது: நீ வயிற்றில் வருவதற்கு நான்கு மாதம் முன்பே நான் போவதை நிறுத்திவிட்டேன். என் அளவுகள் ஒன்றோடு ஒன்று ஒத்துவரவில்லை. எங்கே பிழை என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைக் கைடிடம் போய்ச் சொல்லப் பயம். நீ எனக்குக் கிடைத்த சாக்கு. இருபத்தைந்து வருடம் உன் தலையில் அதை வைத்திருந்தேன். இப்போது இறக்கி வைக்கிறேன்.

இனி வரதராஜன்.

அந்தக் குழுவில் உன் கேரம் உவமைக்கு ஒரு மறுப்பு வந்தது நினைவிருக்கும். எழுதியவர் வரதராஜன், ஓய்வு பெற்ற விஞ்ஞானி, சென்னை. அப்படி ஒருவர் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் எஸ்.டி.டி. பூத்தோடு இரண்டு கம்ப்யூட்டர் போட்டிருந்த பாய் கடைக்கு எதிரே ஒரு பல் டாக்டரின் பலகை தெரியும். பெயரை அதிலிருந்து எடுத்தேன். பள்ளி விட்டதும் நேரே அங்கே போய் உட்கார்ந்தேன். பாய்க்கு ஆச்சரியம்.

"இன்னா டீச்சரம்மா, புள்ள ஃபாரின்ல கீறானா?"

"இல்ல பாய். வீட்லதான் இருக்கான்."

"வூட்ல கீற புள்ளைக்கு இன்னாத்துக்கு இமெயிலு? கூப்ட்டு சொன்னா ஆச்சு."

அந்த மனிதர் சொன்னதை அன்றே கேட்டிருக்கலாம்.

வரதராஜன் எழுதியது இதுதான். கேரத்தில் விரல் ஸ்டிரைக்கரை விட்டுவிடுகிறது. கோல்ஃபில் கை மட்டையை விடுவதில்லை. ஆகவே உவமையே பொருந்தாது. மேலும், எஃகில் ஒலி நொடிக்கு ஐயாயிரம் மீட்டர் ஓடும். தண்டின் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். போய் வர இரண்டு மீட்டர், அதற்கு ஆகும் நேரம் நொடியில் இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. பந்து ஒட்டியிருப்பதோ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே பந்து கிளம்பும் முன்பே கையின் பதில் வந்துவிடுகிறது. விரல் வீட்டில் இல்லை.

படிக்கிறவனுக்கு அதில் ஓட்டை தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வேகம் கம்பியின் நீளவாக்கில் தட்டினால் ஓடும் ஒலிக்கு. மட்டை பந்தில் மோதுவது பக்கவாட்டில். தண்டு வளைகிறது, அந்த வளைவு ஊர்ந்து போகும் வேகம் அதைவிட மிகக் குறைவு. கையின் பதில் பந்து போனபிறகுதான் வந்து சேரும். என் பாதி ஆராய்ச்சியில் உருப்படியாகக் கையில் மிஞ்சியது அந்த ஒரு எண்தான். அதை எடுத்துத் தவறான கேள்விக்கு வேண்டுமென்றே விடையாக வைத்தேன்.

அந்த வாரங்களில் எலினோர் ஊரில் இல்லை. ஆடுகிறவர்கள் வரதராஜனைத் தூக்கிக்கொண்டாடினார்கள். உன்னைக் கேரம் பையன் என்றார்கள். பவுடர் டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று ஒருவன் எழுதினான். நீ அதை அச்செடுத்து வரவில்லை. நான் பாய் கடையில் படித்தேன்.

நடந்ததில் மோசமானது இதுவும் இல்லை. ஒரு சாயங்காலம் வரதராஜனின் மறுப்பை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாய். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாய். அப்படி உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது.

"அம்மா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாரேன். இந்த வரதராஜன் சார் சொல்றது சரியா?"

நான் எழுதியதை நானே வாங்கிப் படித்தேன்.

"யாரு இவர்?"

"தெரியல. பெரிய ஆளு போல இருக்கு. நம்பர் எல்லாம் கரெக்டா வருது. எனக்கு எங்கயோ இடிக்குது, ஆனா எங்கன்னு தெரியல. உனக்குத் தெரியும்ல, நீ இதுலதானே ரிசர்ச் பண்ணே?"

எலினோரிடமிருந்து உன்னைத் திரும்பப் பெற என்னவெல்லாம் செய்தேனோ, அது பலித்துவிட்டது. நீ வந்து என் எதிரே உட்கார்ந்திருந்தாய். "எங்கயோ இடிக்குது" என்று சொன்னாயே, அதுதான் ஒரு விஞ்ஞானிக்கு முதல் தகுதி. பக்கவாட்டு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நீ எழுந்து குதித்திருப்பாய். ஆனால் நீ வரதராஜன் சார் என்று சொன்ன மரியாதை இருக்கிறதே, அந்தக் குரலில் என்னிடம் நீ ஒருநாளும் பேசியதில்லை. நானே பலகையிலிருந்து எடுத்த பெயர்மேல் எனக்குப் பொறாமை வந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் அந்த மரியாதையும் போய்விடும் என்று தோன்றியது.

"சரியாத்தான் இருக்கு போல" என்றேன்.

நீ காகிதத்தை மடித்தாய். "அப்ப நான்தான் தப்பு" என்றாய். மறுநாள் குழுவில் நான்கு வரி எழுதித் தோல்வியை ஒப்புக்கொண்டு, பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. எலினோர் ஏற்கெனவே உன்னிடம் ஒன்று கேட்டிருந்தார். மோதலைப் பற்றிய உன் வாதத்தை முறையாக ஒரு கட்டுரையாக எழுதி அனுப்பு, என் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர நீ போடும் விண்ணப்பத்தோடு அதைச் சேர்த்துப் பரிந்துரைக்கிறேன் என்று. அடிப்படையே தப்பு என்றான பிறகு எதை எழுதுவது என்று நீ விட்டுவிட்டாய். விண்ணப்பத் தேதி போனது. அந்த வருடம் முழுக்க நீ தொழிற்சாலையில் வார்ப்புக்கான மெழுகு அச்சுகளையே எண்ணிக்கொண்டிருந்தாய். சாப்பிடும்போது பேசமாட்டாய். அப்பா ஒருமுறை, "பொண்ணு கிண்ணு எதாவது விஷயமாடி?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன்.

எலினோர் திரும்பி வந்து படித்துவிட்டு, வரதராஜனுக்குத் தனியே ஒரு மடல் போட்டார். நீங்கள் தந்த வேகம் சரி, ஆனால் அது வேறொரு கேள்விக்கான விடை, அந்த எண்ணை இவ்வளவு துல்லியமாக அறிந்தவருக்கு மற்றது தெரியாமல் இருக்காது, இந்தப் பையனோடு உங்களுக்கு என்ன கோபம் என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுதவில்லை. பல் டாக்டர் பலகையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடுத்த விண்ணப்பக் காலம் நெருங்கியபோது அவர் உன் முகவரிக்கே எழுதி, ஓட்டை எங்கே என்று காட்டி, உன்னை மறுபடி எழுதவைத்தார். நீ இழந்தது ஒரு வருடத்தோடு நின்றது அவரால். என்னால் அல்ல.

இனி நான்கு வருடம் நீ அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருக்கப்போகிறாய். என்றாவது தேநீர் குடிக்கும்போது வரதராஜன் பேச்சு வரும். அவர் கெட்டிக்காரர், பாதியை ஏற்கெனவே ஊகித்திருப்பார். அவர் சொல்லி நீ இதை அறிவதை என்னால் பொறுக்க முடியாது. மற்ற எல்லாவற்றையும் அவர் வாயால் தெரிந்துகொள், இந்தக் குற்றத்தை மட்டுமாவது என் வாயால் தெரிந்துகொள். இந்தக் கடிதத்துக்குக் காரணம் நேர்மை மட்டும்தான் என்று நான் சொன்னால் நம்பாதே. பொறாமை அப்படியே இருக்கிறது. குறைந்திருக்கிறதா என்று அளந்து பார்த்தேன், குறையவில்லை.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்குக் குறைவு. ஆனாலும் பட்டதால் சொல்கிறேன். எண் சரியாக இருந்தால் விடை சரி என்று எண்ணாதே, அது எந்தக் கேள்விக்கு என்று பார். இடிக்கிறது என்று உனக்குத் தோன்றினால், பெரிய பெயர் போட்டவர் சொன்னாலும், பெற்றவள் சொன்னாலும், இடிக்கும் இடம் தெரியும்வரை ஒப்புக்கொள்ளாதே. அளவுகள் ஒத்துவராத நாள் அங்கேயும் வரும். அன்று வீட்டுக்கு வந்துவிடாதே. போய்ச் சொல். என்னிடம் சொல்வதைவிட அந்த அம்மாளிடம் சொல்வது உனக்கு நல்லது. இதை எழுதக் கை வரவில்லை, எழுதிவிட்டேன்.

போன திங்கட்கிழமை பாய் கடைக்குப் போய், அந்தக் குழுவில் என் சொந்தப் பெயரில் எழுதினேன். வரதராஜன் நான்தான், கணக்கு வேண்டுமென்றே தவறாக வைக்கப்பட்டது, கேரம் பையன் சொன்னது சரி, அவன் என் மகன் என்று. இன்னும் ஒருவரும் பதில் எழுதவில்லை. தினமும் போய்ப் பார்க்கிறேன். "புள்ள கெளம்பட்டும் டீச்சரம்மா, அப்பறம் தெனமும் வரும்" என்கிறார் பாய்.

மேலே எழுதியதை ஒருமுறை திரும்பப் படித்தேன். அந்தக் கேரம் மதியத்தை முதல் முறையாக வரிசையாக எழுதியிருக்கிறேன். விரல் எங்கே என்று கேட்டது நான். வீட்டிலேயே இருந்துவிட்டது என்று சொன்னது நீ. இரண்டு வருடமாக என் வாக்கியம், என் வாக்கியம் என்று எரிந்துகொண்டிருந்தேனே, அது உன்னுடையது. ஒன்பது வயதில் நீ சொன்னது. என்னுடையது கேள்வி மட்டும்தான். அதற்குப் பெயர் போடவில்லை என்று நான் கோபப்பட முடியாது என்று நினைக்கிறேன். கொஞ்சம் கோபப்படலாம்.

ஸ்டிரைக்கரை அதற்காகத்தான் வைத்தேன். அந்த அம்மாள் கேரம் பலகையைப் பார்த்திருக்கமாட்டார். வழவழப்பான மேசையில் பவுடர் தூவி, ஒரு நாணயத்தைக் காயாக வைத்து, ஸ்டிரைக்கரைச் சுண்டிக் காட்டு. விரல் எங்கே இருக்கிறது என்று அவரைக் கேள். கேட்கும்போது இது எங்கள் அம்மா கேட்ட கேள்வி என்று சொல். அவர் கையில் வாங்கிப் பார்க்கட்டும், இரண்டு முறை சுண்டியும் பார்க்கட்டும். ஆனால் நினைவுப் பரிசு என்று அங்கேயே விட்டுவிட்டு வராதே. வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள். அது வீட்டு ஸ்டிரைக்கர்.

அம்மா